‘கிளேர்’ (glare) என்னும் ஆங்கிலச் சொல்லைப் பொருளறிந்து தமிழாக்குவது எப்படி?

ஆங்கிலப் பத்தி ஒன்றில் ‘கிளேர்’ என்ற சொல் வந்தால், அகராதியைப் புரட்டுமுன் அந்த வாக்கியத்தின் எழுவாயைப் பாருங்கள். எழுவாய் வெயிலாகவோ விளக்காகவோ இருந்தால் அது கண்ணைக் கூசவைக்கும் ஒளி. ஓர் ஆளாக இருந்து, சொல்லையடுத்து ‘அட்’ என்ற இடைச்சொல்லும் வந்தால் அது முறைத்துப் பார்ப்பது. பெரும்பாலான இடங்களில் இச்சோதனையே போதும்.

ஒளியும் சினமும் ஒரே சொல்லுக்குள் வந்ததை விளங்கிக்கொள்ள அதன் வேருக்குப் போக வேண்டும். 13ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இதன் பொருள் ‘ஒளிர்தல்’ என்பதே. இடைக்கால டச்சு மொழியிலும் இதையொத்த சொல் ‘மின்னுதல்’ என்ற பொருளில் வழங்கியது. கண்ணாடியைக் குறிக்கும் ‘கிளாஸ்’ இதற்கு உறவு. ‘ஸ்’ ஒலி ‘ர்’ ஆகத் திரிவது, ஆங்கிலமும் டச்சும் அடங்கிய ஜெர்மானிய மொழிக் குடும்பத்துக்குப் பழக்கமான ஒன்று. பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த ‘வாஸ்’ (was), ‘வேர்’ (were) இணையிலும் அதே திரிபுதான் இருக்கிறது. பால்டிக் கரையோர மக்கள், அம்பர் என்னும் பொன்னிற மரப்பிசின் கல்லை ‘கிளேசும்’ என்று அழைத்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98 அளவில் எழுதியிருப்பதும் இந்தச் சொற்குடும்பத்தைச் சேர்ந்த செய்தியே. ஒளியைக் குறித்த சொல், சினந்த பார்வைக்குப் பிற்பாடுதான் தாவியது.

தமிழாக்கத்தில் இடறும் இடம் வேறு. ஆங்கிலத்தில் இவ்வினை ஒளியினுடையது. தமிழிலோ கூசுவது கண். (பல்லும் உடம்பும்கூட நமக்குக் கூசும்.) ஆகவே ‘விளக்கு கூசியது’ என்று எழுதாமல், ‘விளக்கொளியில் கண் கூசியது’ என்று எழுவாயை மாற்ற வேண்டும். எதிரே வரும் லாரியின் ஹைபீம் வெளிச்சம் நம் கண்ணுக்குள்ளேயே சிதறி, சாலையோரம் நடப்பவரைப் பார்க்கவிடாமல் செய்வதையும் ஒளியமைப்புத் துறையினர் ‘கிளேர்’ என்றே சொல்கின்றனர். அங்கே ‘கூசியது’ என்பது போதாது, ‘வெளிச்சம் கண்ணை மறைத்தது’ என்றே எழுத வேண்டும்.

‘கிளேரிங்’ என்ற அடைமொழி பிழைக்கு முன் வந்தால் ‘அப்பட்டமான பிழை’ அல்லது ‘பட்டவர்த்தனமான பிழை’ என்று எழுதலாம். ஒளியை அங்கே இழுத்துவர வேண்டியதில்லை. ‘ஸ்டேர்’ என்பதோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது: அது வெறித்துப் பார்ப்பது, சினம் இருந்தால்தான் முறைப்பு. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சொல்லும் ‘ஆன்டி கிளேர்’ மட்டும் மக்கள் வாயில் ஊறிவிட்டதால், பேச்சுநடையில் அதை அப்படியே விட்டுவிடுவதுதான் என் வழக்கம்.