எம்.ஆர்.ஐ.க்குள் உறக்கத்தைப் பதிய ஈ.ஈ.ஜி. கருவி: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கேனருக்குள் உறங்குகிறவரின் மூளை மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. கருவிக்கு விலைமனுக்கள் வந்ததும், பெறுகைக் குழுவின் கண் முதலில் போவது சனல் (அலையைப் பதியும் தடம்) எண்ணிக்கைக்கு: 32, 64, 128. உறக்க ஆய்வுக்கு அந்தக் கணக்கு உதவாது. இரவை 30 செக்கன் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் உறக்கத்தின் எந்தக் கட்டம் என்று குறிக்க வேண்டும். அதற்கு முன்தலை, உச்சி, பிடரியில் மட்டும் மின்முனைகள் இருந்தால் போதாது. காதுகளுக்குப் பின்னாலுள்ள எலும்பு, இரு கண்கள், மோவாய்த் தசை ஆகியவையும் வேண்டும். மோவாய்த் தசை தளர்வது தெரியாமல், கனவுகள் மிகும் ரெம் உறக்கத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. இவை இல்லாத 64 சனல் மின்முனைத் தொப்பியை விட, இவை உள்ள 32 சனல் தொப்பி எவ்வளவோ மேல்.

தொப்பி வந்த பிறகு குறையைக் கண்டு, உறக்கக் கூடத்திலிருக்கும் சாதாரண மின்முனைகளை ஒட்டிச் சமாளிக்கவே கூடாது. ஸ்கேனரின் ரேடியோ அலை வயரில் மின்னோட்டத்தைத் தூண்டும், தோல் சுட்டுவிடும். எம்.ஆர். தொப்பிகளில் முனைக்கு முனை 5 கிலோஓம் போன்ற தடையிகளை வைப்பது இதற்காகத்தான். உறங்குகிறவர் சூட்டை உடனே சொல்லவும் மாட்டார்.

அடுத்தது பெருக்கி. ஆழ்ந்த உறக்கத்தின் மெது அலை என்று கணக்கில் எடுக்க 75 மைக்ரோவோல்ற் போதும். ஸ்கேன் ஓடும்போது சாய்வுப்புலம் (படமெடுக்க வேகமாக மாற்றப்படும் காந்தப்புலம்) கிளப்பும் இரைச்சலோ பல மில்லிவோல்ற். 16 பிட் பெருக்கியில் இருப்பது 65,536 படிகள். ஒரு படி 0.1 மைக்ரோவோல்ற் என்றால் ±3.28 மில்லிவோல்ற்றிலேயே எல்லை முடிந்துவிடும், 0.5 என்றால் ±16.38 வரை போகும். எல்லையில் முட்டி வெட்டுப்பட்ட அலையை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஆகவே நுணுக்கத்தை (ஒரு படியின் அளவை) மட்டும் கேட்டு, சிறிய எண் சொன்னவரைத் தெரிவு செய்யாதீர்கள். அளவு எல்லையையும் சேர்த்துக் கேளுங்கள்.

விலையைக் குறைக்கும்போது முதலில் வெட்டுப்படுவது கடிகாரத்தை இணைக்கும் சின்னப் பெட்டி. விலைமனுவில் அது ‘விருப்பத் தெரிவு’ என்று ஒரு மூலையில் கிடக்கும். ஆனால் 2000இல் அலனும் சகாக்களும் வெளியிட்ட சராசரி கழித்தல் முறை (இரைச்சலின் சராசரி வடிவைக் கண்டு பதிவிலிருந்து கழிப்பது), இரைச்சல் ஒவ்வொரு முறையும் ஒரே வடிவில் பதிவாவதை நம்பியே இயங்குகிறது. அதற்கு ஈ.ஈ.ஜி. கடிகாரம் ஸ்கேனரின் கடிகாரத்தோடு பூட்டப்பட வேண்டும். 5,000 ஹேர்ட்ஸில் ஒரு மாதிரிக்கு 200 மைக்ரோசெக்கன், ஸ்கேனின் டீ.ஆர். நேரம் (ஒரு முழு மூளைப் படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையிலான நேரம்) அதன் முழு மடங்காக இருக்கட்டும். கடிகாரத்தைப் பூட்டாமல் 2 செக்கனில் மூளையின் 28 வெட்டுப் படங்கள் எடுத்தால், கழித்த பின்னும் மிஞ்சும் இரைச்சல் 14 ஹேர்ட்ஸில் நிற்கும். உறக்கக் கதிர் அலைகள் (‘ஸ்பிண்டில்’ எனப்படும் குறுகிய அலைத் தொடர்கள்) வருவதும் 11 முதல் 16 ஹேர்ட்ஸில்! எது மூளை, எது ஸ்கேனர் என்று பிரிக்கவே முடியாது. கடிகார வெளியீட்டை ஸ்கேனர் நிறுவனத்தின் பொறியியலாளர் திறந்து தருவாரா என்பதை ஓடருக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

ஸ்கேனரில் தலையைச் சூழும் தலைச்சுருளை அளந்து பார்க்காமல் தொப்பி வாங்குவதும் அடிக்கடி நடக்கிறது. கேபிள் உச்சியின் பக்கமாக நேராக வெளியே போக வேண்டும். சுருளில் அங்கே துவாரம் இல்லையென்றால் வளைந்து, வளையமாகி, இரைச்சலும் சூடும் கூடும். மல்லாந்து கிடக்கும் ஒருவருக்குப் பிடரி முனைகள் அரை மணியில் உறுத்தத் தொடங்கும். பிறகு எங்கே உறக்கம்? தட்டையான முனைகளையும் மெல்லிய மெத்தையையும் கேளுங்கள்.

‘3 டெஸ்லாவுக்கு ஏற்றது’ என்று காந்த வலிமையைச் சொல்லும் வரியோடு நின்றுவிடாதீர்கள். எந்தச் சுருள், எந்த ஸ்கேன் வரிசை, எவ்வளவு எஸ்.ஏ.ஆர். (உடல் உறிஞ்சும் ரேடியோ ஆற்றலின் அளவு) என்பதையும் கையேட்டில் பாருங்கள்.

கொழும்பில் நோயாளர்களின் ஸ்கேன் முடிந்த பிறகே ஆய்வுக்கு ஸ்கேனர் கிடைக்குமென்றால் இரவு நீளும். பெருக்கிக்கு இன்னொரு பற்றரித் தொகுதியும் வேண்டும். 18 சதவீத வற் வரியையும் நாணய மாற்று ஏற்றத்தையும் வரவுசெலவில் சேருங்கள். மருத்துவ சாதனங்கள் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்துக்குள் வருவதால், தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் அனுமதி பற்றிப் பொருள் கப்பலேறும் முன் விசாரியுங்கள்.

கேள்வி மனுவில் ஒரு நிபந்தனை கட்டாயம் இருக்கட்டும்: உங்கள் ஸ்கேனரில், உங்கள் ஸ்கேன் வரிசை ஓடும்போதே, கண்மூடிக் கிடக்கும் ஒருவரின் 8–13 ஹேர்ட்ஸ் அல்பா அலை பிடரி முனைகளில், இரைச்சலைக் கழித்த பின் தெளிவாகத் தெரிய வேண்டும். கடைசித் தவணை அதன் பிறகுதான்.