எமோ கேட்டே வளர்ந்த காதுக்குப் புதுப் பாட்டு தேடுறது எப்படி

எமோனா மனசுல இருக்குறதை அப்படியே கொட்டிப் பாடுற ராக் வகை. அதுல பெரிய பேரான மை கெமிக்கல் ரொமான்ஸ் பேண்டோட பிளாக் பரேட் ஆல்பம் வந்தது 2006ல. அப்போ ஸ்கூல், காலேஜ்ல இருந்த நம்ம பசங்க எல்லாம் இப்போ முப்பதைத் தாண்டி, பெங்களூர் வந்து வைட்ஃபீல்ட், எலக்ட்ரானிக் சிட்டினு செட்டில் ஆகியாச்சு, ஆனா ஹெட்போன் மாட்டினா இன்னும் அதே பழைய பாட்டுங்கதான் ஓடுது. எமோ எல்லாம் அப்பவே முடிஞ்சு போச்சு, இப்போ யாரு பண்றானு சொல்றவங்களை நிறைய பாக்குறேன், அது உண்மையே இல்ல. 2019ல இருந்து வந்த ஆல்பங்களை மட்டும் கேக்க ஆரம்பிச்சாலே மாசக்கணக்குல ஓடும். ஆனா அது தானா உங்க கிட்ட வராது. ஆப் என்ன காட்டுதுனு பாத்துட்டு உக்காராதீங்க, ஆளுங்களைப் புடிங்க. யார் வாசிச்சது, யார் ரெக்கார்ட் பண்ணது, யார் கூட சேர்ந்து பாடுனது, அதை யார் காசு குடுத்து வாங்குனது, இதைத்தான் தேடணும்.

அதுக்கு முன்னாடி, உங்க காதுக்கு இதுல என்ன பிடிச்சதுனு கொஞ்சம் தெளிவா தெரியணும், ஏன்னா எமோங்குற ஒரே பேர்ல சம்பந்தமே இல்லாத மாதிரி பல சத்தம் இருக்கு. 1985ல வாஷிங்டன் டிசில ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்னு ஒரு பேண்ட் பண்ணது ஹார்ட்கோர் பங்க், அதாவது வேகமா முரட்டுத்தனமா வாசிக்கிற ராக், ஆனா பாடுறவன் மனசு விட்டுக் கதறுவான். 90கள்ல சன்னி டே ரியல் எஸ்டேட், மினரல் எல்லாம் மெதுவா ஆரம்பிச்சு பெருசா வெடிக்கும். இல்லினாய் பக்கம் இருந்து வந்த மிட்வெஸ்ட் எமோல கிட்டார் கம்பியை ஒண்ணொண்ணா மீட்டிக்கிட்டே போவாங்க. நாம டிவில பாத்தது இதுக்கெல்லாம் அப்புறம் வந்த பெரிய கோரஸ் வகை. உங்களுக்கு ரொம்ப பிடிச்ச ஒரு பாட்டை எடுத்து ஒரு தடவை வேற எந்த வேலையும் பாக்காம கேளுங்க, எந்த இடத்துல புல்லரிக்குதுனு கவனிங்க, எல்லாரும் சேர்ந்து கத்துற இடமா, குரல் உடையுற இடமா, கிட்டாரா, டிரம்ஸா, இல்ல வரியா. பதினேழு வயசுல அந்தப் பாட்டு குடுத்த ஃபீல் அப்படியே வேணும்னு தேடினா கிடைக்காது, ஆனா அந்த சத்தம் கண்டிப்பா கிடைக்கும்.

சரி, ஆளுங்களைப் புடிக்கிறதுனா எப்படி? ஊர்ல கல்யாண வீட்ல பெரியவங்க "நீ யார் வீட்டுப் பிள்ளைப்பா"னு கேட்டு ரெண்டே நிமிஷத்துல சொந்தம் கண்டுபிடிச்சுடுவாங்கல்ல, அதே வேலைதான். பாராமோர் பேண்ட் பிடிக்கும்னு வெச்சுக்குவோம். அதோட பாடகி ஹேலி வில்லியம்ஸ் 2019ல அமெரிக்கன் ஃபுட்பால்னு ஒரு பேண்டோட ஆல்பத்துல ஒரு பாட்டு பாடியிருக்காங்க. அங்க இருந்து அந்த பேண்டோட 1999 ஆல்பத்துக்குப் போங்க (2019 வரைக்கும் வந்த மூணு ஆல்பத்துக்கும் பேண்ட் பேரையே வெச்சிருக்காங்க, அதனால வருஷம் பாத்து எடுங்க). அதுல டிரம்ஸ் வாசிக்கிற ஸ்டீவ் லாமோஸே டிரம்பெட்டும் ஊதுவார், கிட்டார் ரெண்டும் ஒண்ணைச் சுத்தி ஒண்ணு ஓடிட்டு இருக்கும்போது அந்த டிரம்பெட் தனியா மேல எழும்பும், அது பிடிச்சுப் போச்சுனா செயின்ட் லூயிஸ்ல இருந்து வந்த ஃபாக்ஸிங்கோட 2013 ஆல்பம் தி ஆல்பட்ராஸ் போடுங்க, அங்கயும் டிரம்பெட் இருக்கு. அமெரிக்கன் ஃபுட்பால்ல பாடுற மைக் கின்செல்லாவைப் புடிச்சா இன்னொரு பாதை. அவரு அதுக்கு முன்னாடி அண்ணன் டிம் கூட கேப்ன் ஜாஸ்ங்குற பேண்ட்ல டிரம்ஸ் வாசிச்சவரு, தனியா ஓவன்ங்குற பேர்ல பாடுறாரு, கேப்ன் ஜாஸ்ல கிட்டார் வாசிச்ச டேவி வான் போலன் போய் ஆரம்பிச்சதுதான் தி ப்ராமிஸ் ரிங்.

இன்னும் இருக்கு. அதே 2019 ஆல்பத்துல ஸ்லோடைவ் பேண்டோட ரேச்சல் காஸ்வெல்லும் ஒரு பாட்டு பாடியிருக்காங்க. ஸ்லோடைவ் எமோ இல்ல, ஷூகேஸ்ங்குற வகை, கிட்டார் சத்தம் மொத்தமும் கரைஞ்சு பனிமூட்டம் மாதிரி வரும். அது பிடிச்சிருச்சுனா அப்படியே தென் கொரியா போயிடலாம், சியோல்ல பாரன்னோல்னு ஒரே ஒரு ஆள், பேரைக் கூட வெளிய சொல்லாம 2021ல ஒரு ஆல்பம் போட்டாரு, ஷூகேஸும் எமோவும் கலந்து, எல்லாம் கொரியன்ல. ஒரு வார்த்தை புரியாது, ஆனா அந்தக் குரல்ல இருக்குற வலி எனக்கு எந்த சப்டைட்டிலும் இல்லாம நேரா உள்ள இறங்குச்சு. பாராமோர்ல ஆரம்பிச்சு சியோல் வரைக்கும் வந்துட்டோம் பாருங்க, நடுவுல எந்த ஆப்பும் இதைக் காட்டல.

மை கெமிக்கல் ரொமான்ஸ் ஆளுங்களுக்கு வேற ரூட். அவங்க முதல் ஆல்பம் 2002ல வந்துச்சு, அதை ப்ரொட்யூஸ் பண்ணவரு ஜெஃப் ரிக்லி, அதே நியூ ஜெர்சியைச் சேர்ந்த தர்ஸ்டே பேண்டோட பாடகர். தர்ஸ்டேவோட ஃபுல் கொலாப்ஸ் 2001, அதை இதுவரைக்கும் கேக்கலைனா முதல்ல அதைக் கேளுங்க, அப்புறம் மத்தது. 2008ல தர்ஸ்டேவும் டோக்கியோவோட என்வி பேண்டும் சேர்ந்து ஒரு ஸ்ப்ளிட் ரெக்கார்ட் போட்டாங்க. ஸ்ப்ளிட்னா ஒரே ரெக்கார்ட்ல பாதி இந்த பேண்ட், பாதி அந்த பேண்ட். என் அனுபவத்துல இதை விட நம்பிக்கையான சிபாரிசு கிடையாது, ஏன்னா ஒரு பேண்ட் தன்னோட பேர் பக்கத்துல இன்னொரு பேர் வரணும்னு தானே முடிவு பண்ணியிருக்கு. என்வியைப் புடிச்சுட்டா ஸ்க்ரீமோங்குற, எமோவைக் கத்திப் பாடுற தனி உலகமே திறந்துக்கும்.

ப்ரொட்யூசர் பேரை டிஸ்காக்ஸ் சைட்ல பாக்கலாம், அதுல ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் கிரெடிட் போட்டிருப்பாங்க. உதாரணமா ஜே ராபின்ஸ், இவரு பண்ணதுதான் டெக்ஸஸ் இஸ் தி ரீசன் பேண்டோட ஆல்பமும் ப்ராமிஸ் ரிங்கோட 1997 ஆல்பமும். லேபிளும், அதாவது ஆல்பத்தை வெளியிடுற கம்பெனியும், அதே மாதிரி உதவும், பாலிவினைல், டாப்ஷெல்ஃப், ரன் ஃபார் கவர், கவுன்ட் யுவர் லக்கி ஸ்டார்ஸ், இதுல ஏதாவது ஒண்ணோட மொத்த லிஸ்டையும் ஒரு மாசம் உக்காந்து கேட்டாலே போதும்.

ஆனா நான் உண்மையிலேயே அதிகமா நேரம் போடுறது பேண்டுங்க தங்க பாட்டை நேரா விக்கிற பேண்ட்கேம்ப் சைட்ல. ஒரு ஆல்பம் பேஜைத் திறந்தா அதை வாங்குனவங்களோட சின்னச் சின்ன படம் வரிசையா இருக்கும், சில பேர் ஒரு ரெண்டு வரி எழுதி எந்தப் பாட்டு பிடிச்சதுனும் போட்டிருப்பாங்க. உங்களுக்குப் பிடிச்ச அதே பாட்டைச் சொன்ன ஆளைத் தட்டுங்க, அவர் வாங்குன மொத்த கலெக்ஷனும் வரும். காசு குடுத்து வாங்குன லிஸ்ட்ங்குறதால அதுல குப்பை கம்மி, அப்படியே மேல இருந்து கீழ ஒண்ணொண்ணா கேட்டுட்டுப் போங்க. டேக் போட்டும் தேடலாம், மிட்வெஸ்ட் எமோ, ஸ்க்ராம்ஸ் (ஸ்க்ரீமோவுக்கு இன்னொரு பேர்)னு போட்டு புதுசு முதல்லனு வரிசைப்படுத்துங்க. பெங்களூர், மும்பைனு ஊர் பேரைக் கூட டேக்கா போட்டுப் பாக்கலாம், மும்பையோட போஸ்ட் ஹார்ட்கோர் (ஹார்ட்கோர்ல இருந்து கிளைச்ச வகை) பேண்ட் பசிஃபிஸ்ட் மாதிரி ஆளுங்க அப்படித்தான் கண்ணுல படுவாங்க. ரேட் யுவர் மியூசிக் சைட்ல வகை, வருஷம் ரெண்டும் போட்டு சார்ட் எடுக்குறதும் நல்ல வழி, 2019 முதல் இப்போ வரைக்கும்னு போட்டுப் பாருங்க.

ஸ்பாட்டிஃபையை முழுசா விட வேண்டாம், ஆனா எமோனு தேடினா பழைய ஹிட்டும் எமோ ராப்பும் கலந்துதான் கொட்டும். உங்களுக்குப் பிடிச்ச ஒரே வகை சத்தத்தை மட்டும் வெச்சு ஒரு ப்ளேலிஸ்ட் போட்டு அதுல இருந்து ரேடியோ ஓட்டுங்க. வீட்ல அம்மா காலைல கந்த சஷ்டி கவசம் போடுறதும் உங்க அக்கவுன்ட்லதான்னா, அம்மாவோட ப்ளேலிஸ்ட்டை டேஸ்ட் ப்ரொஃபைல்ல (உங்க ரசனைனு ஆப் வெச்சிருக்குற கணக்கு) இருந்து எடுத்து விடுற ஆப்ஷன் இருக்கு, அதை ஆன் பண்ணிடுங்க.

கிட்டார் வாசிக்கிறவங்களுக்கு ஒரு தனி வழி. அமெரிக்கன் ஃபுட்பாலோட ரொம்ப பிரபலமான பாட்டுக்கு ட்யூனிங் எஃப்-ஏ-சி-ஜி-சி-இ. அந்த ட்யூனிங்கையே யூடியூப்ல தேடுங்க, ரூம்ல உக்காந்து வாசிக்கிற பசங்க, பெரிசா பேர் வராத பேண்டுங்க எல்லாம் வந்து நிப்பாங்க. பேண்டுங்களை லைவா வாசிக்க வெச்சு எடுக்குற சிகாகோவோட ஆடியோட்ரீ செஷன் வீடியோக்களும் அப்படித்தான், கை எங்க போகுதுனு தெளிவா தெரியும்.

கேக்குறதுலயும் ஒரு முறை வேணும். முப்பது செகண்ட்ல ஸ்கிப் பண்ணா எமோ பிடிபடாது, ஆல்கர்னான் கட்வாலடர் மாதிரி பேண்ட்ல பாடுறவன் கீச்சுனு கத்துவான், முதல் தடவை ஒரு மாதிரிதான் இருக்கும், மூணாவது தடவை அந்தக் கத்தல்தான் பாட்டேனு தோணும். வைட்ஃபீல்ட்ல பர்ப்பிள் லைன் ஏறினா மெஜஸ்டிக் வர்றதுக்குள்ள ஒரு நாப்பது நிமிஷ ஆல்பம் முழுசா முடிஞ்சிடும், போன்ல வரிகளைத் திறந்து வெச்சுக்கோங்க. வரிக்காக எமோ கேக்குறவங்க தி ஹோட்டலியரோட 2014 ஆல்பத்துல ஆரம்பிங்க, என்னைப் பொறுத்த வரைக்கும் அந்தப் பத்து வருஷத்துல அதுக்கு மேல ஒண்ணு இல்ல. ஃபால் அவுட் பாய் மாதிரி கோரஸ் வேணும்னா ஒரிகாமி ஏஞ்சலோட சம்வேர் சிட்டி, ரெண்டே பேர் சேர்ந்து பண்ணது, இல்லன்னா ஹாட் மல்லிகன்.

லைவ் போறதை விட்டுடாதீங்க. இந்திராநகர், கோரமங்களா பக்கம் சொந்தப் பாட்டு வாசிக்கிற பேண்டுங்க வர்ற சின்ன இடங்கள்ல போஸ்டர்ல இருக்குற எல்லாப் பேரையும் முன்னாடியே கேட்டுட்டுப் போங்க, முதல்ல ஏறுற பேண்டுக்கே போயிடுங்க, தாளக் கணக்கு சிக்கலா இருக்குற மேத் ராக், போஸ்ட் ஹார்ட்கோர் வாசிக்கிற பசங்க பெரும்பாலும் அங்கதான் இருப்பாங்க. செட் முடிஞ்சதும் போய் "இப்போ நீங்க என்ன கேக்குறீங்க"னு கேளுங்க, சந்தோஷமா பேர் பேரா சொல்வாங்க, அப்பவே போன்ல குறிச்சுக்கோங்க.

பிடிச்சா வாங்குங்க. பேண்ட்கேம்ப் சாதாரணமா டிஜிட்டல் விற்பனைல 15 சதவீதம் எடுத்துக்கும், பேண்ட்கேம்ப் ஃப்ரைடே அன்னைக்கு அதையும் எடுக்காது, 2020 மார்ச்ல இருந்து நடக்குது, எல்லா மாசமும் இல்ல, தேதி பாத்துக்கணும். அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி நடக்குறதால நமக்கு வெள்ளிக்கிழமை மதியம் 12:30க்கோ, அவங்க குளிர்கால நேரத்துல இருந்தா 1:30க்கோ ஆரம்பிச்சு சனிக்கிழமை அதே நேரம் வரைக்கும் ஓடும். கார்டுல இன்டர்நேஷனல் யூஸேஜ் ஆஃப்ல இருந்தா பேமெண்ட் போகாது, பேங்க் ஆப்ல முன்னாடியே ஆன் பண்ணி ஒரு லிமிட் வெச்சுடுங்க, வாங்கி முடிச்சதும் திரும்ப ஆஃப் பண்ணிக்கலாம்.