கயல்னு பேர் வச்சாச்சு, அதுக்கு அர்த்தமும் எதுகையும் தேடுறது எப்படி

பிள்ளைக்கு பேர் வச்சதும் ரெண்டு வேலை வரும். பாக்குறவங்க எல்லாரும் "பேருக்கு என்ன அர்த்தம்"னு கேப்பாங்க, அதுக்கு உருப்படியா ஒரு பதில் வேணும். அப்புறம் பேர் சூட்டுற பத்திரிகைக்கோ மொத பொறந்தநாள் பேனருக்கோ தொட்டில்ல போட்டு ஆட்டும்போது பாடுறதுக்கோ அந்த பேர் வச்சு நாலு வரி வேணும். இந்த ரெண்டும் தனித்தனி வேலைன்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, ஆனா அர்த்தத்த ஒழுங்கா புடிச்சுட்டா எதுகை தேடுறது பாதி முடிஞ்ச மாதிரிதான். கயல்ங்கிற பேர வச்சே மொத்தமும் சொல்றேன், ஏன்னா தமிழ்ல இவ்ளோ நல்லா எதுகை விழுற பேரு கம்மி.

மொதல்ல அர்த்தம். நெட்ல பேர் பட்டியல் போடுற பக்கங்கள்ல எந்த பேரைத் தட்டினாலும் அழகானவள், அதிர்ஷ்டசாலி, அன்பானவள்னு ஏதாவது ஒண்ணு வரும், அதை நம்பி பத்திரிகைல போட்டுறாதீங்க. அகராதியத் திறங்க. சென்னைப் பல்கலைக்கழகத்தோட தமிழ் லெக்சிகன் 1924லேர்ந்து 1936 வரைக்கும் ஆறு வால்யூமா வந்து, 1939ல இணைப்பும் வந்துச்சு, அது முழுசும் சிகாகோ பல்கலைக்கழகத்தோட தளத்துல காசு இல்லாம தேடலாம். போன்லயே பாத்துக்கலாம், தமிழ் விக்சனரியும் கூட வச்சுக்கோங்க. பேரு ரெண்டு சொல் சேந்ததா இருந்தா பிரிச்சுட்டு ஒவ்வொண்ணா தேடணும், கயல்விழின்னா கயல் தனி, விழி தனி.

கயல்னா மீன், கெண்டை வகையச் சேந்தது. அவ்ளோதானான்னு ஏமாந்துறாதீங்க, விஷயமே இங்கதான் ஆரம்பிக்குது. பாண்டியர் கொடில இருந்தது மீன், அவங்க காசுலயும் மீன்தான். மதுரை மீனாட்சி பேர்ல மீன் முன்னாடி நிக்குது, அட்சின்னா கண், அதையே தமிழ்ல அங்கயற்கண்ணின்னு சொல்றாங்க, சம்பந்தர் தேவாரத்துலயே அந்த பேர் இருக்கு. அம் கயல் கண்ணி, அழகான கயல் மாதிரி கண்ணு உள்ளவ. கண்ணுக்கு ஏன் மீன்னா வடிவம் ஒண்ணு, ஒரு இடத்துல நிக்காம சட்டுசட்டுன்னு பொரள்றது ஒண்ணு. மீன் தன் முட்டைய பார்வையாலயே பொரிக்கும்னு பழைய நம்பிக்கை ஒண்ணும் இருக்கு, அந்த மாதிரி கண்ண இமைக்காம பிள்ளைகளக் காக்குறவ அம்மன்னு மதுரைப் பக்கம் விளக்கம் சொல்லுவாங்க. அதனால யாராவது கேட்டா "மீனு"ன்னு ஒரு வார்த்தைல முடிக்காதீங்க, கொடி, காசு, அம்மன் கண்ணு மூணையும் சொல்லுங்க, கேட்டவங்க மறக்கவே மாட்டாங்க.

எழுத்தும் ரொம்ப முக்கியம். ஒரு எழுத்து மாறினா பேரே மாறிடும். கயல் வேற காயல் வேற, காயல்னா கடலோரத்துல தேங்கி நிக்கிற உப்பங்கழி, காயல்பட்டினம்னு சொல்றோமே அது. மாறன்னா பாண்டியன், மாரன்னா மன்மதன், றவும் ரவும் செய்ற வேலை அது. பத்திரிகை அடிக்கக் குடுக்குறதுக்கு முன்னாடி எழுத்த அகராதில ஒருதரம் பாத்துருங்க, பிரஸ்ல டைப் பண்றவர் அவருக்குத் தெரிஞ்ச மாதிரிதான் அடிப்பாரு.

இப்ப எதுகைக்கு வருவோம். இங்கிலீஷ் ரைம்ஸ் கேட்டு வளந்ததால கடைசி சத்தம் ஒத்துப்போனா போதும்னு நெனைக்கிறோம், அதுக்கு தமிழ்ல இயைபுன்னு பேரு, நல்லதுதான், ஆனா தமிழ்க் காதுக்கு அத விட பெருசு எதுகை. எதுகைன்னா ரெண்டாவது எழுத்து ஒண்ணா இருக்கணும், அது கூட மொத எழுத்தோட அளவும் ஒத்துப்போகணும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். அதனாலதான் கயலுக்கு வயல் எதுகை ஆகுது, காயல் ஆகாது, காயலுக்கு வேணும்னா பாயல் வரும், பாயல்னா படுக்கை. மோனைன்னா மொத எழுத்து, கயலுக்கு க, கா, கை, கௌ நாலும் மோனை, கண்ணு, காவிரி, கை எல்லாம் பக்கத்துல வச்சா தானா பாட்டு மாதிரி ஒலிக்கும்.

சொல்லு தேடுறதுக்கு ஆப் எதுவும் வேணாம். ஒரு பேப்பர எடுத்து கடைசி ரெண்டு எழுத்து "யல்"லை அப்படியே வச்சுக்கிட்டு முன்னாடி அ, இ, உ, எ, ஒ, அப்புறம் க, கி, கு, கெ, கொ, ச, சி, சுன்னு வரிசையா எல்லாக் குறிலையும் போட்டு வாய்விட்டு சொல்லிட்டே வாங்க, சொல்லாத் தெரியிறத மட்டும் எழுதுங்க, சந்தேகம் இருந்தா அகராதில பாருங்க. இப்படி ஓட்டினா கயலுக்கு அயல், இயல், செயல், பயல், புயல், பெயல், மயல், முயல், வயல்னு வந்து நிக்கும். பெயல்னா மழை, சங்கப்பாட்டுச் சொல்லு. இன்னொண்ணு இருக்கு, துயல்வருதல்னா ஊஞ்சல் மாதிரி அசையறது, தொட்டில் பாட்டுக்கு இத விட பொருத்தமா என்ன வேணும், ஆனா பாட்டிக்கு புரியாதுன்னா விட்டுருங்க. இது பத்தலைன்னா ய-க்கு மேல வேற உயிர் ஏறின சொல்லையும் சேத்துக்கலாம், அதுக்கு வருக்க எதுகைன்னு பேரு, மயில், குயில், வெயில், துயில், உயிர், பயிர், தயிர் எல்லாம் உள்ள வந்துரும்.

இந்த வேலைய நமக்கு முன்னாடியே ஒருத்தர் பெருசா செஞ்சு வச்சுட்டுப் போயிருக்காரு. இத்தாலிலேர்ந்து வந்த வீரமாமுனிவர் 1732ல சதுரகராதின்னு ஒண்ணு தொகுத்தாரு, பெயர், பொருள், தொகை, தொடைன்னு நாலு பகுதி, அதுல தொடை அகராதிங்கிறது முழுக்க எதுகைக்குன்னே சொல்லு அடுக்கினது. கிட்டத்தட்ட முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே தமிழ்ல எதுகை அகராதி இருந்துருக்கு, இது ஏன் ஸ்கூல்ல சொல்லித் தர்றதில்லன்னு எனக்கு இன்னும் வருத்தம்தான். பழைய நூல்கள ஸ்கேன் பண்ணி வச்சிருக்கிற டிஜிட்டல் நூலகங்கள்ல தேடிப் பாருங்க, சொல்லு மேல ஆசை உள்ளவங்க கைல கெடச்சா கீழ வைக்க மாட்டாங்க.

லிஸ்ட் கைல வந்ததும் எல்லாத்தையும் பாட்டுல திணிக்கணும்னு தோணும், அதத்தான் செய்யக் கூடாது. அர்த்தம் தேடினோமே அத இப்ப பக்கத்துல வைங்க. கயல் தண்ணில இருக்கிற ஜீவன், அது கூட ஒட்டுற சொல்லு வயல், பெயல், இவங்க மூணு பேரும் ஒரே ஊர்க்காரங்க. வயல்ல கயல் துள்றது நம்ம பழைய பாட்டுங்கள்ல எவ்ளோ வாட்டி வந்துருக்கு, ஆண்டாள் திருப்பாவை மூணாவது பாட்டுலயே மழை பேஞ்சு செந்நெல்லு ஓங்கி வளந்து நடுவுல கயல் துள்ளும், ஒரே பாட்டுல மழையும் வயலும் கயலும் வந்துருச்சு பாருங்க. முயல் துறுதுறுன்னு ஓடுற பிள்ளைக்கு சரியா வரும். புயல் எனக்குப் பிடிக்காது, நாகப்பட்டினம் கடலூர் பக்கம் சொந்தம் இருக்கிற வீட்டுல புயல்னா அது சந்தோஷமான சொல்லே இல்ல, பிள்ளைப் பாட்டுல எதுக்கு. மயல்னா மயக்கம், காதல் பித்து, தொட்டில்ல அது வேணாம். பயல் பையனுக்கு சொன்னா செல்லம், பொண்ணுக்கு ஒட்டாது. செயலும் இயலும் மேடைல வாழ்த்துப் படிக்க உதவும், தாலாட்டுல கனமா இருக்கும்.

இந்த மாதிரி சலிச்சு எடுத்து நான் கட்டின நாலு வரி இது, வேணும்னா எடுத்துக்கோங்க:

வயலோரம் வந்துதுள்ளும் கயலம்மா கண்ணுறங்கு
பெயலாகப் பெஞ்சுமனம் குளிரவச்ச பொண்ணுறங்கு
முயலாட்டம் முத்தமெல்லாம் ஓடினது போதுமடி
அயலாரும் தூங்கியாச்சு அம்மாமடி மெத்தையடி

முத்தம்னா இங்க முற்றம், வீட்டு வாசல். நாலு வரியும் எதுகைல ஆரம்பிக்குது, வயலோரம், பெயலாக, முயலாட்டம், அயலாரும். சீர்னா வரில இடைவெளி விட்டு நிக்கிற ஒவ்வொரு துண்டு, மொத மூணு வரில ஒண்ணாவது சீருக்கும் ரெண்டாவது சீருக்கும் மோனை, கடைசி வரில ஒண்ணுக்கும் மூணுக்கும் மோனை. முடிவுல கண்ணுறங்கு பொண்ணுறங்கு, போதுமடி மெத்தையடின்னு இயைபு. ஒவ்வொரு வரிக்கும் நாலு சீர், அத மட்டும் விட்டுறாதீங்க, சீர் கூடிக் குறைஞ்சா எதுகை எவ்ளோ நல்லா இருந்தாலும் ஆட்டும்போது தடுக்கும். எழுதினதும் நிஜமாவே தொட்டிலையோ கால்லயோ பிள்ளையப் போட்டு ஆட்டிக்கிட்டே பாடிப் பாருங்க, எங்க மூச்சு முட்டுதோ அந்த சொல்ல மாத்துங்க.

பேரு கயல்விழின்னு நீளமா இருந்தா கடைசில விழி இருக்கு, அதுக்கு மொழி, வழி, பொழின்னு தேடணும், பழி, குழி, அழியக் கிட்டயே சேக்காதீங்க. இங்க ஒரு சிக்கல் இருக்கு, பேச்சுல நெறைய ஊர்ல ழ-வை ள-வா சொல்றதால கிளி, வெளி, ஒளி எல்லாம் காதுக்கு ஒத்துப்போற மாதிரி இருக்கும். வீட்டுக்குள்ள பாடுறதுக்கு அது தாராளமா போதும், யாரும் தடுக்கப் போறதில்ல, ஆனா அச்சுல வர்றதுன்னா ழி-க்கு ழி-யே போடுங்க, ஊர்ல ஒரு தமிழ் வாத்தியாராவது கண்ணுல படும். அதே மாதிரி கயல் கூட க-ல ஆரம்பிக்கிற சொல்லு சேந்தா ல் போய் ற் வரும், கயற்கண், கயற்கொடி, ம-ல ஆரம்பிச்சா ன் வரும், கயன்மீன். செய்யுள் மாதிரி எழுதினா இத மாத்துங்க, பேச்சுத் தமிழ்ல எழுதினா பேர் பேராவே இருக்கட்டும், பிள்ளை பேரே அடையாளம் தெரியாமப் போயிரக் கூடாது.

வேற பேருக்கும் இதே வழிதான். நிலாவுக்கு பலா, உலா, துலா வரும், மூணும் இனிப்பான சொல்லு. வீரனுக்கு மொத எழுத்து நெடில், அதனால தீரன், சூரன், மாரின்னு நெடில்லயே தேடுங்க. தர்ஷினி, ஹரிஷ் மாதிரி பேருக்கு எதுகை கெடைக்கறது கஷ்டம், அதுக்கு மல்லுக்கட்டாம வீட்டுல கூப்பிடுற செல்லப்பேர வச்சு எழுதிருங்க, கேக்க நல்லாவும் இருக்கும்.

ரெண்டாவது பிள்ளைக்கும் எதுகையா பேர் வைக்கணும்னு கேக்குறவங்களும் உண்டு. கயலுக்கு இயல் சரியான ஜோடி, அர்த்தமும் நல்லது, இயல் இசை நாடகம்ல வர்ற இயல், தன்மைங்கிற அர்த்தமும் உண்டு. முகில், எழில் கடைசி ல் மட்டும்தான் ஒட்டும், எதுகை இல்ல, ஆனா முகில்னா மேகம், மேகத்துக்கும் மீனுக்கும் நடுவுல தண்ணி இருக்கு, அந்த சொந்தமே போதும்னு நான் சொல்லுவேன். கயல்விழிக்கு தேன்மொழி, கனிமொழி. என்ன ஒண்ணு, ரெண்டு பேரையும் வாசல்ல நின்னு சத்தமாக் கூப்பிட்டுப் பாருங்க, கயல்னு கூப்பிட்டா இயலும் சேந்து ஓடி வந்துச்சுன்னா கூப்பிடுறதுக்கு வேற செல்லப்பேரு ஒண்ணு வேணும்.