சிடி பிளேயரிலிருந்து ஸ்ட்ரீமிங்கிற்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிடி பிளேயரின் லென்ஸ் பழுதாகி, "இதுக்கெல்லாம் இனி பார்ட்ஸ் வராது சார்" என்று கடைக்காரர் கையை விரிக்கும் நாளில்தான் பல வீடுகளில் ஸ்ட்ரீமிங் பற்றிய பேச்சே தொடங்குகிறது. அவசரமாக ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்குகிறார்கள், ஒரு செயலிக்குச் சந்தா கட்டுகிறார்கள், அலமாரியை அடைத்துக்கொண்டிருந்த சிடிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். சில மாதம் போனதும் "என்ன இருந்தாலும் சிடி மாதிரி வரல" என்ற குறை எழும்.

1982-ல் சிடி விற்பனைக்கு வந்தபோது வகுக்கப்பட்ட தரம் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். அதே தரத்தைத் துளியும் இழக்காமல் தரும் செயலிகள் இன்று இருக்கின்றன. அப்படியும் சத்தம் சப்பென்று இருந்தால், பாட்டு ஸ்பீக்கருக்கு வந்து சேரும் வழியில் ஏதோ கோளாறு, அல்லது வந்து சேர்ந்த பதிவே வேறு. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில்தான் வந்து முடிகின்றன.

ப்ளூடூத்தோடு நின்றுவிடுவது

வீட்டில் நல்ல ஆம்பிளிஃபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் ஏற்கெனவே இருக்கும். அவற்றை ஓரங்கட்டிவிட்டு உள்ளங்கை அளவு ப்ளூடூத் ஸ்பீக்கருக்கு மாறுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. பழுதானது சிடி பிளேயர் மட்டும். அதன் இடத்தில் ஒரு ஸ்ட்ரீமரை, அதாவது இணையத்திலிருந்து பாட்டை எடுத்து ஆம்பிளிஃபயருக்குத் தரும் கருவியை வைத்தால் போதும். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

ப்ளூடூத் வழியாகப் பாட்டை அனுப்பும்போது போன் அதை மறுபடி ஒருமுறை சுருக்கித்தான் அனுப்புகிறது. எல்லாக் கருவிகளிலும் பொதுவாக இருக்கும் எஸ்பிசி முறையில் நொடிக்கு 328 கிலோபிட்டுக்கு மேல் வழக்கமாகப் போகாது. எல்டேக் முறையில்கூட உச்சம் 990 தான். சிடியில் ஓடுவது 1,411 கிலோபிட். பஸ்ஸில் போகும்போது கேட்க இது தாராளம். ஹாலில் உட்கார்ந்து, தம்புராவின் ரீங்காரம் வரை கேட்க வேண்டும் என்று நினைப்பவருக்கு இது போதாது.

வைஃபை வழியில் இன்னொரு பெரிய வசதியும் உண்டு. கூகுள் காஸ்ட், ஸ்பாட்டிஃபை கனெக்ட் போன்றவற்றில் போன் வெறும் ரிமோட் கண்ட்ரோல் வேலைதான் பார்க்கிறது. பாட்டை ஸ்ட்ரீமர் நேராக இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். அழைப்பு வந்தால் பாட்டு நிற்காது. போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாலும் வீட்டில் இருப்பவர் கேட்டுக்கொண்டிருக்கும் ஆலாபனை பாதியில் அறுபடாது.

ஸ்ட்ரீமரை ஆம்பிளிஃபயரில் இணைக்க ஒரு ஆர்சிஏ கேபிள் போதும். பின்பக்கம் ஆக்ஸ், டேப், டியூனர் என்று எழுதிய எந்தத் துளையிலும் செருகலாம். ஃபோனோ என்று எழுதியதில் மட்டும் வேண்டாம். அது கிராமஃபோன் தட்டின் மில்லிவோல்ட் அளவிலான சிக்னலைப் பெரிதாக்குவதற்கானது. ஸ்ட்ரீமரிலிருந்து வருவது ஏறத்தாழ 2 வோல்ட். காது கிழியும்படி இரைச்சல்தான் மிஞ்சும். அப்புறம், ஒலியளவை ஓரிடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பிளிஃபயரில் வால்யூம் குமிழ் இருந்தால் ஸ்ட்ரீமரின் வால்யூமை முழுதாக வைத்து, குமிழால் கூட்டிக் குறையுங்கள். உள்ளேயே ஆம்பிளிஃபயர் உள்ள ஸ்பீக்கர்களில் நேரடியாக இணைத்தால் அப்படிச் செய்யக் கூடாது. முதல் பாட்டே முழு வேகத்தில் வெடிக்கும்.

எண்களைத் துரத்துவது

24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து பர்ஸைத் திறப்பவர்கள் பலர். கிலோஹெர்ட்ஸ் எண் ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளக்கிறார்கள் என்பதைச் சொல்கிறது, அதில் பாதி வரையிலான ஒலிதான் பதிவாகும். 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவில் 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலி இருக்கிறது. நல்ல காதுக்கும் 20 கிலோஹெர்ட்ஸோடு சரி. வயது ஏற ஏற அதுவும் குறையும். 1960-களில் டேப்பில் பதிவான ஒரு திரைப்பாட்டில், மூலத்தில் இல்லாத நுணுக்கத்தை எந்த எண்ணாலும் கொண்டுவர முடியாது. அந்தக் காசில் ஸ்பீக்கருக்கு ஒரு ஜோடி ஸ்டாண்ட் வாங்கி, மூலையில் சுவரோடு ஒட்டிக்கிடப்பதை ஓர் அடி முன்னால் இழுத்து வையுங்கள். வித்தியாசம் வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்.

செலவே இல்லாத ஒன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்: செயலியின் அமைப்புகள். பெரும்பாலான செயலிகள் நிறுவியவுடன் டேட்டா மிச்சம் பிடிக்கும் அமைப்பில்தான் இருக்கும். ஆப்பிள் மியூசிக்கில் 2021 முதல் லாஸ்லெஸ், அதாவது தரம் இழக்காத ஒலி கிடைக்கிறது, ஆனால் அமைப்புகளில் போய் நாமாக இயக்க வேண்டும். வைஃபை, மொபைல் டேட்டா, டவுன்லோடு மூன்றுக்கும் தனித்தனித் தேர்வு இருக்கும். மூன்றையும் பாருங்கள். சிடியையும் செயலியையும் ஒப்பிட்டுப் பார்க்க நினைத்தால் முதலில் இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது எப்போதும் நன்றாக ஒலிப்பதுபோலவே தோன்றும்.

"எல்லாம் செயலியில் இருக்கு" என்று நம்புவது

என்னைக் கேட்டால், திரும்பச் சரிசெய்ய முடியாத தவறு இது ஒன்றுதான். பெயரைத் தட்டினால் பாட்டு வந்துவிடுகிறது. வந்தது நீங்கள் தேடிய பாட்டுத்தானா?

பழைய திரைப்பாட்டு ஒன்றைத் தேடுங்கள். மூலப் படத் தொகுப்பில் ஒன்று, ஏதோ ஒரு ஹிட்ஸ் தொகுப்பில் ஒன்று, எதிரொலி சேர்த்தது ஒன்று, பின்னாளில் வேறொருவர் பாடியது ஒன்று என வரிசையாக வரும். ரீமாஸ்டர் என்ற பெயரில் மெல்லிய இடத்தையும் ஓங்கிய இடத்தையும் ஒரே சத்தத்துக்கு இழுத்துவிட்ட பதிவுகளும் உண்டு. பல்லவிக்கு முன்னால் வயலின்கள் அடங்கி எழும் இடம் அதில் தட்டையாகிவிடும். பாட்டின் நீளத்தையும் வெளியிட்ட நிறுவனத்தின் பெயரையும் கையிலுள்ள சிடி உறையோடு ஒத்துப் பாருங்கள். நீளம் அரை நிமிடம் மாறினால் அது வேறு பதிவு, அல்லது வெட்டிய பதிவு.

கர்நாடக இசையில் சிக்கல் இன்னும் அதிகம். ராகம் தானம் பல்லவியை ஆலாபனை, தானம், பல்லவி, தனி ஆவர்த்தனம் என்று தனித்தனி டிராக்குகளாகப் பிரித்திருப்பார்கள். சிடி பிளேயர் அவற்றை இடைவெளி விடாமல் வரிசையாக வாசித்தது. செயலியில் ஷஃபிள் போட்டிருந்தால் தனி ஆவர்த்தனம் முதலில் வரும், பிறகு யாரோ ஒருவரின் பஜனைப் பாட்டு வரும். ஒரு டிராக்கின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேட் போட்டிருந்தால் தானத்தின் கடைசி வரி பல்லவியோடு குழம்பும். இரண்டையும் அணைத்துவிட்டு, இடைவெளி விடாமல் வாசிக்கும் கேப்லெஸ் என்ற அமைப்பை இயக்குங்கள். ஸ்ட்ரீமர் வாங்கும்போதும் அது கேப்லெஸ் வாசிக்குமா என்று கேட்டே வாங்குங்கள். ராகம், தாளம், வாக்கேயக்காரர், வயலினில் யார், மிருதங்கத்தில் யார் என்று சிடியின் பின்னட்டையில் அழகாகப் போட்டிருந்த விவரங்களும் செயலியில் பெரும்பாலும் கிடைக்காது. பக்கவாத்தியக்காரரின் பெயர் தெரியாமல் ஒரு கச்சேரியைக் கேட்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இன்று இருக்கும் பாட்டு நாளைக்கும் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஸ்பாட்டிஃபை 2019-ல் இந்தியாவுக்கு வந்தபோது பழைய எச்எம்வியான சரிகமா நிறுவனத்தோடு உரிமைத் தகராறு எழுந்து, எச்எம்வி காலத்துப் பாடல்களை எடுக்க வேண்டியதாயிற்று. 2020-ல் ஒப்பந்தம் ஆன பிறகே அவை முறையாக வந்தன. 2023-ல் ஜீ மியூசிக் பாடல்கள் அதே செயலியிலிருந்து காணாமல் போயின. கூகுள் ப்ளே மியூசிக் 2020-லும் விங்க் 2024-லும் மூடப்பட்டன. பட்டியல் போட்டுப் பாட்டுச் சேர்த்து வைத்தவர்களில், அதை உரிய நேரத்தில் வேறு செயலிக்கு மாற்றாதவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

எனவே சிடிகளைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அவற்றைக் கோப்புகளாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய லேப்டாப்களில் டிரைவ் இல்லை என்றாலும் யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் கடைகளில் கிடைக்கிறது. சிடியைக் கோப்பாக மாற்றும் மென்பொருள் விண்டோஸுக்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்குக்கு எக்ஸ்எல்டி, இரண்டும் இலவசம். கீறல் விழுந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, கோப்பு சரியாக வந்திருக்கிறதா என்று, பிறர் எடுத்த பிரதிகளின் விவரங்கள் உள்ள இணையத் தரவுத்தளத்தோடு சரிபார்க்கும். நம்மூர் நிறுவனங்களின் பல சிடிகள் அந்தத் தரவுத்தளத்தில் இருக்காது. அப்போது இரண்டு முறை எடுத்து, இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இடம் மிச்சம் என்று எம்பி3 ஆக எடுக்க வேண்டாம். ஃப்ளாக் வடிவில் எதுவும் இழக்காமலேயே சிடியின் அளவு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும், சுமார் 350 எம்பி. 300 சிடிகள் 256 ஜிபி பென் டிரைவில் அடங்கும். இன்னொரு பிரதியை வேறு டிரைவில், முடிந்தால் வேறு வீட்டில் வையுங்கள்.

எந்தச் சிடியிலிருந்து தொடங்குவது? கடையில் பட்டியல் கொடுத்துப் பதிந்து வாங்கினோமே, அந்தச் சிடிகளிலிருந்து. அவற்றில் பதிவு ஒரு சாயப் படலத்தில் இருக்கிறது. வெயிலிலும் வெக்கையிலும் அது மங்கும். கடையில் வாங்கிய அசல் சிடி பொறுத்துக்கொள்ளும், பதிந்து வாங்கியது அவ்வளவு தாங்காது. நூற்றைம்பது பாட்டு அடங்கிய எம்பி3 சிடிகளும் இருக்கும். அவற்றை வெறுமனே காப்பி செய்தால் போதும். ஃப்ளாக்காக மாற்றினால் கோப்பு பெரிதாகும், தரம் ஏறாது.

பெயரிடுவதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். இணையத்திலிருந்து தானாக வரும் விவரங்களில் இளையராஜாவை மூன்று நான்கு விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். கணினி அவரை மூன்று நான்கு பேராகவே எண்ணும். ஒரே எழுத்துமுறையை முடிவு செய்து எல்லாக் கோப்புகளிலும் அதையே போடுங்கள், அல்லது தமிழிலேயே எழுதிவிடுங்கள். திரைப்படத் தொகுப்பு என்றால் ஆல்பம் ஆர்டிஸ்ட் என்ற இடத்தில் இசையமைப்பாளர் பெயர் வர வேண்டும். அதை விட்டுவிட்டால் ஒரே படத்தின் ஆறு பாட்டும் பாடகர் வாரியாக ஆறு இடத்தில் சிதறிக் கிடக்கும். கச்சேரி என்றால் அங்கே பாடகர் பெயர், கம்போசர் இடத்தில் வாக்கேயக்காரர் பெயர். பின்னட்டையைப் போனில் படம் பிடித்து அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள், பக்கவாத்தியக்காரர்கள் பத்திரமாக இருப்பார்கள்.

மிச்சம் உள்ளவை

பாட்டு திக்கித் திக்கி வந்தால் உடனே இணையத் திட்டத்தை உயர்த்தத் தேவையில்லை. சிடி தரத்துக்கு நொடிக்கு ஒன்றரை மெகாபிட் போதும். 40 மெகாபிட் இணைப்பே பல மடங்கு அதிகம். ரூட்டருக்கும் ஸ்ட்ரீமருக்கும் நடுவே இரண்டு கான்கிரீட் சுவர் இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். லேன் கேபிள் இழுக்க முடிந்தால் இழுத்துவிடுங்கள். கரண்ட் போனால் ரூட்டரும் போகும் என்பதால் அதற்கு ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் நல்லது.

வீட்டுப் பெரியவர்களை மறந்துவிடுவது இன்னொரு தவறு. சிடி பிளேயரில் அப்பா தட்டைப் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினார், சுப்ரபாதம் வந்தது. புது ஏற்பாட்டில் மகனின் போனும் கடவுச்சொல்லும் இல்லாமல் எதுவும் அசையாது என்றால், காலையில் அந்த வீட்டில் பாட்டு நின்றுபோகும். பிரீசெட் பொத்தான்கள் உள்ள ரிமோட்டோடு வரும் ஸ்ட்ரீமரைத் தேடி வாங்குங்கள். ஒன்றில் சுப்ரபாதம், இரண்டில் அவருக்குப் பிடித்த நாதஸ்வரம், மூன்றில் வானொலி என்று அமைத்து, எண்களைப் பெரிதாக ஒரு அட்டையில் எழுதி ரிமோட்டின் முதுகில் ஒட்டிக் கொடுங்கள். சிடி பிளேயர் இன்னும் ஓடுகிறது என்றால் அதையும் ஆம்பிளிஃபயரிலிருந்து கழற்ற வேண்டாம். இரண்டும் வெவ்வேறு உள்ளீட்டில் இருக்கலாம்.