கத்திரி வெயிலில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது எப்படி?

மே மாதம் கத்திரி தொடங்கும்போதுதான் லீவுக்குப் பேரப்பிள்ளைகளும் வந்து சேர்வார்கள். நம் காவிரி டெல்டா வெயிலைத் தெர்மாமீட்டரை மட்டும் பார்த்து எடைபோடக் கூடாது. கடல் பக்கம் என்பதால் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். இங்கே அது சட்டென்று காய்வதில்லை. சின்ன உடம்பு சீக்கிரம் சூடேறிவிடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால், இந்த வரிசையில் செய்து பாருங்கள்.

1. தூங்கும் இடத்தை மாற்றுங்கள்

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, கொசுவுக்குப் பயந்து தூளியின் மேல் ஒரு புடவையைப் போர்த்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அரை மணி கழித்து விலக்கிப் பார்த்தால், முகமெல்லாம் சிவந்து, தலைமுடி நனைந்து கிடந்தாள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. தூளியைத் துணியால் மூடவே மூடாதீர்கள், கொசுவலை போதும். பகல் முழுக்கக் காய்ந்த மொட்டைமாடித் தளம் ராத்திரியில்தான் சூட்டைக் கீழே இறக்கும். அதனால் மாடி அறை வேண்டாம், கீழே படுக்க வையுங்கள். ஒரு பருத்திச் சட்டை போதும். குழந்தைக்குப் புழுங்குகிறதா என்று பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பாருங்கள். கை கால் சூட்டை நம்ப முடியாது. வேர்க்குருவுக்குப் பவுடர் கொட்ட வேண்டாம், தூள் மூச்சில் ஏறும். குளிப்பாட்டி ஈரம் ஒற்றி எடுத்தாலே அடங்கும்.

2. குடிக்கக் கொடுப்பது

ஆறு மாதம் முடியாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான். "வெயிலாச்சே, ரெண்டு சொட்டுத் தண்ணி கொடும்மா" என்று பெரியவர்கள் பிரியத்தில் சொல்வார்கள். வேண்டாம், அடிக்கடி பால் கொடுங்கள், தாய் நிறையக் குடிக்கட்டும். ஆறு மாதத்துக்கு மேல், காய்ச்சி ஆறிய தண்ணீர், உப்புப் போடாத நீர்மோர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். நுங்கு வழுக்கித் தொண்டையில் அடைக்கும், அதனால் தோலை உரித்து மசித்துக் கொடுங்கள். ஒரு வயது வரை தேன் கூடாது.

சிறுநீர்தான் நல்ல அடையாளம். ஆறு மணி நேரமாகப் போகவில்லை, அல்லது அடர் மஞ்சளாகப் போகிறது என்றால் தண்ணீர் போதவில்லை. வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைப் பொடியைக் கரைத்துக் கொடுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டைக் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகப் போட வேண்டும். குத்துமதிப்பாகக் கால் பாக்கெட், அரை டம்ளர் என்று கரைத்தால் உப்பின் அளவு கெட்டுவிடும். 24 மணி நேரம் ஆனதும் மீதியைக் கொட்டிவிடுங்கள்.

3. வெளியே போகும் நேரம்

காலை பதினொன்று முதல் மாலை நான்கு வரை வீட்டிலேயே இருக்கட்டும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போவதானால் விடிகாலையோ சாயங்காலமோ போங்கள். நடுப்பகலில் அந்தக் கல்தரை பிஞ்சுப் பாதத்தைப் பொசுக்கிவிடும். நிறுத்திய காரில் ஐந்து நிமிடம்கூடப் பிள்ளையை விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

4. ஆபத்து என்றால்

உடம்பு கொதிக்கிறது, பிள்ளை துவண்டு கிடக்கிறது, கூப்பிட்டால் சரியாகப் பார்க்கவில்லை, அல்லது வலிப்பு வருகிறது என்றால் உடனே 108. வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, உடம்பெல்லாம் ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். மயக்கத்தில் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இந்தச் சூடு காய்ச்சல் மாத்திரைக்கு இறங்காது.

5. அப்புறம், தண்ணீர்

நம் ஊரில் வெயிலுக்குப் பின்னாலேயே ஆறு வரும். வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பார்கள், இருப்பைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து சில நாளில் நம் வாய்க்காலுக்கு வந்துவிடும். அதற்கு முன்பே தூர்வாரியிருப்பார்கள். போன வருடம் முழங்கால் ஆழம் இருந்த இடம் இந்த வருடம் தலைக்கு மேல் இருக்கலாம். காய்ந்த ஆற்று மணலில் விளையாடிப் பழகிய பிள்ளைக்கு அது தெரியாது. குளிக்கும்போது கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும், போனைப் பார்த்துக்கொண்டு அல்ல. தவழும் குழந்தைக்கு வாளித் தண்ணீரே போதும், மூழ்கிவிடும். குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். கொல்லைக் கதவுக்குப் பிள்ளையின் கை எட்டாத உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள் போடுங்கள். தண்ணீர் திறக்கும் செய்தி வருவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.