கராஜை அறையாக்கும்போது மரவேலையில் விடும் பிழைகள்

ரொறன்ரோவிலும் ஸ்காபரோவிலும் கராஜை அறையாக்கும் வேலை எடுக்கிற புதுப் பையன்கள், ஒரு காலத்தில் நாங்கள் எல்லோரும் விட்ட பிழைகளையே திரும்ப விடுகிறார்கள். பெர்மிட் எடு, இருமுறை அளந்து வெட்டு என்று சொல்ல ஆட்கள் நிறைய உண்டு. அதை விட்டுவிடுகிறேன்.

குறுக்கு மரத்தை வெட்டுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது. கராஜுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால், ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை மரங்கள் குறுக்கே ஓடும். சீலிங் இல்லாத கராஜில் அவை வேலையற்றுக் கிடப்பதுபோல் தெரியும். பழைய டயரையும் ஏணியையும் யாராவது மேலே ஏற்றி வைத்திருப்பார்கள். "அண்ணை, இதை எடுத்தால் சீலிங் உயரமாக வருமே" என்பார் வீட்டுக்காரர். பையனும் வாளை எடுத்துவிடுவான்.

கூரைப் பாரம் இறங்கும்போது சாய்ந்த கைமரங்கள் இரண்டும் சுவர்களை வெளியே தள்ளும். தள்ளவிடாமல் இழுத்துப் பிடிப்பது இந்தக் குறுக்கு மரம்தான். வெட்டிய அன்று ஒன்றும் ஆகாது, அதுதான் பொல்லாப்பு. டிரைவால் என்கிற ஜிப்சம் பலகை போட்டு, பெயின்ட் அடித்து, காசும் வாங்கியாகிவிடும். கூரையில் பனி கனமாகக் கிடந்த பிறகு, சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் மயிரிழை வெடிப்பு ஓடும். பூசி மறைப்பார்கள். அடுத்த குளிருக்கு அதே இடத்தில் மறுபடி.

அப்படியொரு வீட்டில் சுவரின் மேல்விளிம்பில் மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்தேன். நடுவில் ஓர் அங்குலத்துக்கு மேல் வெளியே தள்ளியிருந்தது. முகட்டு மரமும் அந்த நேரே தொய்ந்து போயிருந்தது. முகட்டுக்கு முட்டுக் கொடுத்து, சங்கிலிக் கப்பியான செயின் புளொக்கால் சுவர்களை மெல்ல மெல்ல உள்ளே இழுத்து, புது மரம் அடித்தோம். புது டிரைவால் முழுக்கக் குப்பைக்குப் போனது. வெட்டியவன் அப்போது எங்கே இருந்தானோ!

சரி, உயரம் வேண்டுமென்றால்? முகட்டிலேயே பாரம் தாங்கும் உத்தரம், அதன் இரு முனைக்கும் தூண், தூணுக்குக் கீழே அத்திவாரம். அது எஞ்சினியர் போடுகிற கணக்கு. பல்லுத் தகடு அடித்துச் சேர்த்த முக்கோணச் சட்டங்களான ட்ரஸ் கூரை என்றால், அவர் எழுதித் தராமல் எந்த மரத்திலும் வாள் படக்கூடாது.

கதவு வாசலை அடைப்பது

வாசலுக்கு மேலே பாரம் தாங்குகிற உத்தரமான ஹெடரைக் கழற்றாதீர்கள். அப்புறம், வாசலுக்கு நேர்கீழே என்ன இருக்கிறது என்று தோண்டிப் பாருங்கள். சில கராஜ்களில் அங்கே தரைக் கொங்கிறீட் மட்டும்தான் இருக்கும். இந்தப் பக்கம் அத்திவாரம் உறைபனி எட்டாத ஆழத்துக்கு, சுமார் 4 அடி, இறங்க வேண்டும். இல்லையென்றால் குளிரில் மண் எழும்ப, புதுச் சுவரும் சேர்ந்து எழும்பும்.

சுவருக்குள் நிற்கும் எல்லாக் கால்மரத்தையும் ஒரே அளவில் வெட்டுவது

தண்ணீர் வெளியே ஓட, தரை கதவை நோக்கிச் சரிந்திருக்கும். அடிக்கு அரைக்கால் அங்குலம் என்றாலே 20 அடியில் இரண்டரை அங்குலம். கால்மரங்களை ஒவ்வொன்றாக அளந்து வெட்டுங்கள்.

கொங்கிறீட்டில் சாதா மரம்

உக்கும். மருந்தேற்றிய மரம் போடுங்கள்; ஆணியும் துத்தநாகம் பூசியதாக இருக்கட்டும், சாதா ஆணியை அந்த மருந்தே தின்றுவிடும்.