கினி பிக் வாங்கப் போகிறீர்களா? சென்னை வீடுகளுக்கான செய்முறை விளக்கம்

கூண்டுக்கு முன்னால் நின்று, "அந்த வெள்ளையும் பிரவுனும் கலந்தது அழகா இருக்கு, அதையே குடுங்க" என்று கை காட்டித்தான் பலரும் கினி பிக் வாங்குகிறார்கள். நிறம் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இது 5 முதல் 8 ஆண்டுகள் வரை வாழும். ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்கிறது என்று வாங்கினால், அந்தப் பிள்ளை பிளஸ் டூ முடிக்கும்போதும் அது வீட்டில் இருக்கும்.

கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். முதல் இரண்டு படிகள் உங்கள் வீட்டுக்குச் சரிவரவில்லை என்றால் கடைக்குப் போகவே வேண்டாம்.

படி 1: வெயிலுக்கு வழி இருக்கிறதா?

கினி பிக்கின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை அதற்குச் சுகமான வெப்பம். 27, 28-ஐத் தாண்டினாலே சிரமப்படத் தொடங்கும். அதற்கு நம்மைப் போல வியர்க்காது, நாயைப் போல இளைத்துச் சூட்டைத் தணிக்கவும் தெரியாது. சென்னையில் அக்னி நட்சத்திரத்தின்போது பகலில் 40 டிகிரியைத் தொடுவது ஒரு பக்கம், பல இரவுகளில் 28-க்குக் கீழே இறங்காதது இன்னொரு பக்கம். இரவிலும் உடம்பு ஆற இடமில்லாமல் போவதால்தான் மே மாதத்தில் இவை திடீரென்று இறந்துபோகின்றன.

அதனால் ஏப்ரல் முதல் ஜூன் வரையாவது ஏ.சி. ஓடும் அறை ஒன்று வேண்டும். மின்விசிறி மட்டும் போதாது. வியர்க்காத உடம்பில் வெறும் காற்று பட்டுப் பெரிய பலன் இல்லை. கரண்ட் போனால் சமாளிக்க, ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி உறையவைத்து, துணி சுற்றிக் கூண்டுக்குள் வைக்கலாம். கூடவே சாய்ந்து படுக்க ஒரு தரை ஓடு. மொட்டை மாடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறை, மேற்குப் பார்த்த பால்கனி மூன்றும் கூடவே கூடாது. பால்கனியில் காக்கையும் பூனையும் வேறு வரும்.

வாங்குவதற்கு நல்ல காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மழை நாட்களில் வேறொரு தொல்லை உண்டு: இதன் முக்கியத் தீனியான காய்ந்த புல் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காமல் துணிப்பையில் தொங்கவிடுங்கள்.

படி 2: புல்லுக்கும் டாக்டருக்கும் ஏற்பாடு

இதன் சாப்பாட்டில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாக இருக்க வேண்டும், அதுவும் இருபத்துநான்கு மணி நேரமும் முன்னால் இருக்க வேண்டும். பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நார் உள்ள புல்லை அரைத்தால்தான் தேயும். தேயாத கடைவாய்ப் பல் நாக்கைக் குத்தும், சாப்பாடு நின்றுபோகும். ஆன்லைனில் கிடைக்கும் டிமோத்தி புல் நல்லது. நன்கு கழுவிய அருகம்புல்லும் கொடுக்கலாம், ஆனால் தெருவோரத்தில் பறித்தது வேண்டாம். நாய் சிறுநீரும் மருந்துத் தெளிப்பும் இருக்கும். வைக்கோல் புல்லுக்கு மாற்றாகாது, அதில் சத்து மிகக் குறைவு. குதிரைமசால் (அல்ஃபால்ஃபா) என்ற தீவனப் பயிரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். குட்டிக்கும் சினைப் பெண்ணுக்கும் சரி, வளர்ந்ததற்குத் தினமும் கொடுத்தால் சிறுநீர்ப்பையில் கல் சேரலாம்.

நம்மைப் போலவே கினி பிக்கின் உடம்பாலும் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் வரை வெளியிலிருந்து வர வேண்டும். கால் குடைமிளகாயும் ஒரு பிடி கொத்தமல்லியும் இதற்குப் போதும். தண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்தை நம்ப வேண்டாம். வைட்டமின் சீக்கிரம் சிதைந்துவிடும், ருசி மாறினால் அது தண்ணீரே குடிக்காது. பெல்லட் (கினி பிக்குக்கென்றே விற்கும் உருண்டைத் தீனி) தினமும் இரண்டு மேசைக்கரண்டி, தயாரித்து மூன்று மாதத்துக்கு உட்பட்டதாகப் பாருங்கள். கோதுமை, பொட்டுக்கடலை, சாதம், பிஸ்கட் எதுவும் வேண்டாம்.

டாக்டரையும் வாங்குவதற்கு முன்பே கண்டுபிடியுங்கள். நாய், பூனை மட்டும் பார்ப்பவர் போதாது. முயல், கினி பிக் பார்த்துப் பழகியவராக இருக்க வேண்டும். வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பெனிசிலின், அமாக்சிசிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் கினி பிக்கின் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, சில நாட்களில் உயிரே போகலாம். நாய்க்கு மிஞ்சிய மருந்தைக் கொடுப்பது இங்கே விஷம் கொடுப்பதற்குச் சமம்.

படி 3: எத்தனை, எந்த ஜோடி?

இரண்டு. கூட்டமாக வாழும் உயிர், ஒன்றை மட்டும் வாங்காதீர்கள். சுவிட்சர்லாந்தில் ஒற்றையாக வளர்ப்பதற்குச் சட்டமே இடம் தருவதில்லை.

இரண்டு பெண் என்றால் ஆரம்பிப்பவர்களுக்கு எளிது. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு ஆணும் இடம் தாராளமாக இருந்தால் ஒத்துப்போகும். மூன்று ஆண் சேர்ந்தால் சண்டைதான். ஆணும் பெண்ணும் வேண்டவே வேண்டாம். சினைக்காலம் 59 முதல் 72 நாள், ஈன்ற சில மணி நேரத்திலேயே அடுத்த சினை பிடிக்கும். ஆறேழு மாதத்துக்குள் முதல் ஈற்று நடக்காத பெண்ணுக்கு இடுப்பு எலும்பு இறுகிவிடுவதால், அதன்பிறகு வரும் முதல் பிரசவம் உயிருக்கே ஆபத்து. முயலோடு சேர்த்தும் விடாதீர்கள். முயலுக்கு ஒன்றும் செய்யாத போர்டடெல்லா கிருமி கினி பிக்கின் நுரையீரலைத் தாக்கும்.

படி 4: கூண்டு முதலில் தயாராகட்டும்

இரண்டுக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம் குறைந்தபட்சம். அடியில் கம்பி வலை உள்ள முயல் கூண்டு, பறவைக் கூண்டு ஆகாது, பாதம் புண்ணாகும். கீழே உறிஞ்சும் துணி, மேலே 'ஃபிளீஸ்' என்ற மெத்தென்ற போர்வைத் துணி அல்லது பழைய டவல். மரக்கடைத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஒளிந்துகொள்ள ஆளுக்கொரு பெட்டி. சுழலும் சக்கரம் வாங்க வேண்டாம், முதுகெலும்பைக் கெடுக்கும்.

படி 5: கடையில் என்ன பார்ப்பது

மூர் மார்க்கெட் பக்கமோ, உங்கள் ஏரியா கடையோ, எங்கே போனாலும் காலை நேரத்தில் போங்கள். 2018-ல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி கடை மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்; சான்றிதழைக் கேளுங்கள்.

முதலில் எதையும் தொடாமல் கூண்டையே ஐந்து நிமிடம் கவனியுங்கள். ஆளைக் கண்டதும் ஓடி ஒளிவது ஆரோக்கியத்தின் அறிகுறி. மூலையில் முடியைச் சிலிர்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பதை, 'சாதுவா இருக்கு' என்று கடைக்காரர் சொன்னாலும் எடுக்காதீர்கள். அது சாதுவல்ல, நோய். அதே கூண்டில் ஒன்று தும்மிக்கொண்டிருந்தால் மற்றவையும் வேண்டாம். ஆணும் பெண்ணும் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆண் குட்டி மூன்று வாரத்திலும் பெண் குட்டி நான்கு வாரத்திலும் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடுவதால், கலப்புக் கூண்டில் வளர்ந்த பெண் ஏற்கனவே சினையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

பிறகு கையில் எடுங்கள். ஒரு கை மார்புக்கு அடியில், இன்னொரு கை பின்பக்கத்துக்குக் கீழே. பின்னங்கால்கள் தொங்கக் கூடாது.

கண் பளிச்சென்று இருக்க வேண்டும். முகம் சுத்தம் செய்யும்போது பால் போன்ற வெள்ளைத் திரவம் கண்ணிலிருந்து வருவது இயல்பு, பயப்பட வேண்டாம். ஓரத்தில் பொருக்கு கட்டியிருந்தால்தான் தவறு. மூக்கு காய்ந்திருக்க வேண்டும். முன்னங்கால்களின் உள்பக்க முடி ஒட்டிக்கொண்டிருந்தால், ஒழுகும் மூக்கை அது அங்கே துடைத்திருக்கிறது என்று அர்த்தம். உதட்டை லேசாக விலக்கிப் பாருங்கள்: முன்பற்கள் வெள்ளையாக, மேலும் கீழும் நேராகச் சந்திக்க வேண்டும். தாடைக்குக் கீழே ஈரமாக இருந்தால் கடைவாய்ப் பல்லில் கோளாறு. விலாவில் காதை வைத்துக் கேளுங்கள். 'டக் டக்' என்றோ கரகரவென்றோ மூச்சோடு சத்தம் வந்தால் திருப்பிக் கொடுங்கள்.

முடியை எதிர்த்திசையில் நீவி, செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிர் நிறத்தில் நகர்வது பேன். முதுகிலும் தோளிலும் முடி கொட்டி, தொட்டாலே துடித்துச் சொறிந்தால் சொறிப்பூச்சி. மூக்கைச் சுற்றி வட்டமாகச் செதில் இருந்தால் படர்தாமரை, பிள்ளைகளுக்கும் ஒட்டும். காதுக்குப் பின்னால் இருக்கும் சிறு வழுக்கை மட்டும் எல்லாவற்றுக்கும் பிறவியிலேயே உண்டு. ஆசனவாய்ப் பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். முன்னங்காலில் நான்கு விரல், பின்னங்காலில் மூன்று. பாதத்தில் சிவப்போ வீக்கமோ கூடாது.

ஆறு முதல் எட்டு வாரக் குட்டி சரியான வயது. சமையலறைத் தராசைக் கையோடு கொண்டு போங்கள். அந்த வயதில் பொதுவாக 300 கிராமைத் தாண்டியிருக்கும். உள்ளங்கையில் அடங்கும் 150 கிராம் குட்டி எவ்வளவு கொஞ்சலாக இருந்தாலும் விட்டுவிடுங்கள், அது தாய்ப்பால் மறந்திருக்காது.

நீள முடி பெருவியன் வகை சென்னைக்கு ஏற்றதல்ல. குட்டை முடி அமெரிக்கன் வகையோ, சுழி சுழியாக முடி நிற்கும் அபிசீனியனோ எடுங்கள்.

படி 6: ஆணா, பெண்ணா? நீங்களே பாருங்கள்

கடையில் சொல்வது அடிக்கடி தவறாகிவிடுகிறது. முலைக்காம்பை வைத்துச் சொல்ல முடியாது, ஆண் பெண் இரண்டுக்குமே ஒரு ஜோடி உண்டு. ஒருவர் அதை மார்போடு நிமிர்த்திப் பிடிக்க, இன்னொருவர் பிறப்புறுப்பின் இரு பக்கமும் விரல் வைத்து மெல்ல விலக்க வேண்டும். ஆங்கில 'ஒய்' எழுத்து வடிவில் பிளவு தெரிந்தால் பெண். பொத்தான் போன்ற வட்டமாக இருந்தால், அதற்குச் சற்று மேலே அடிவயிற்றை விரலால் இலேசாக அழுத்துங்கள். தோலுக்கடியில் தீக்குச்சி போல ஒன்று தட்டுப்பட்டு ஆணுறுப்பு வெளியே வந்தால் ஆண். குழப்பமாக இருந்தால், இரண்டையும் ஒரே கூண்டில் விடும் முன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

படி 7: வீட்டுக்கு வரும் வழியும் முதல் வாரமும்

காற்றோட்டமான கூடையில் டவலும் புல்லும் ஒரு துண்டு வெள்ளரிக்காயும் வைத்து, வெயில் ஏறும் முன் ஆட்டோவிலோ காரிலோ கொண்டு வாருங்கள். கடையில் கொடுத்த அதே தீனியை ஒரு வாரத்துக்காவது வாங்கி வந்து, புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள். திடீரென்று கீரையைக் குவித்தால் கழிச்சல் வரும்.

முதல் இரண்டு நாள் தூக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் போதும். ஏற்கனவே ஒன்று வீட்டில் இருந்தால் புதியதை மூன்று வாரம் வேறு அறையில் வையுங்கள். வாரம் ஒரு முறை எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 50 கிராமுக்கு மேல் குறைந்தால் டாக்டரிடம் போக வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னவில்லை, புழுக்கையும் விழவில்லை என்றால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். குடல் நின்றுபோனால் ஒரே நாளில் கைமீறிவிடும், அந்த நேரமே வண்டியை எடுங்கள்.